சம்பளம் தர முடியாத இடத்தில் தலைமை: ஊருக்கு உழைத்தவர்களிடம் கற்க என்ன இருக்கிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "எங்கள் ஊரில் ஏரிப் பாதுகாப்புக் குழு தொடங்கியிருக்கிறோம். என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். தலைமைப் பண்பு பற்றிப் படிக்கக் கிடைப்பதெல்லாம் பெரிய நிறுவனங்களின் அதிகாரிகளைப் பற்றியே இருக்கிறது. யாருக்கும் சம்பளம் தர முடியாத, யாரையும் நீக்க முடியாத ஒரு குழுவை நடத்த நான் யாரிடம் கற்பது?"

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஒரு நிறுவனத்தின் மேலாளர் சொல்வதை ஊழியர் கேட்கவில்லை என்றால், சம்பள உயர்வில் அது தெரியும். உங்கள் குழுவில் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் அவரை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மறுநாள் காலை டீக்கடையில் அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அவர் வீட்டுத் திருமணத்துக்குப் போயாக வேண்டும். அவருக்கும் உங்கள் தாத்தா காலத்து வரப்புச் சண்டை நினைவிருக்கும். அதனால் நிறுவனப் பாடங்கள் இங்கே பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன.

ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கும் மகளிர் குழுத் தலைவிகளுக்கும் பயிற்சி கொடுக்கும் பணியில் நெடுநாள் இருந்து வருகிறேன். அங்கே நான் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லும் மூன்று இடங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றி விரிவாகவும் மற்ற இரண்டைப் பற்றிக் கொஞ்சம் சுருக்கமாகவும் எழுதுகிறேன். மூன்றிலும் எனக்குத் தெரிவது ஒரே விஷயம்தான். ஊரில் தலைமை நிலைப்பது, தலைவர் தன் கையில் இருப்பதை எவ்வளவு பிறருக்குக் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. அறிவு, கணக்கு, பேசும் உரிமை, நாற்காலி என்று எதைப் பிடித்து வைத்துக்கொண்டாலும் அந்த இடத்திலிருந்து குழு உடையத் தொடங்கும்.

முதலாவது, மகாராஷ்டிராவில் உள்ள ஜாம்கேட். அன்றைய அகமதுநகர் மாவட்டத்தில், மழை பொய்க்கும் வறண்ட பகுதி. ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே என்ற மருத்துவத் தம்பதி 1970இல் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். இருவரும் நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) படித்தவர்கள். அதற்கு முன் அதே மாவட்டத்தில் ஒரு மிஷன் மருத்துவமனையில் பணியாற்றியபோது ஒன்றைக் கவனித்தார்கள். வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தையைக் குணமாக்கி அனுப்பினால், சில வாரங்களில் அதே குழந்தை அதே நோயோடு திரும்பி வந்தது. நோய் ஊரில் இருந்தது; மருத்துவமனை ஊருக்கு வெளியே இருந்தது. அமெரிக்காவில் பொது சுகாதாரம் படித்துவிட்டு, கிராமங்களுக்குள்ளேயே வேலை செய்வது என்று முடிவோடு திரும்பினார்கள்.

இங்கே முதலில் கவனிக்க வேண்டியது, அவர்கள் அழைப்பில்லாமல் போகவில்லை என்பது. உள்ளூர்ப் பெரியவர்களிடம் முதலில் பேசினார்கள். ஊர் விரும்பினால் வருகிறோம், இடம் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஊர் கொடுத்தது கைவிடப்பட்ட ஒரு பழைய கால்நடை மருந்தகக் கட்டிடம். அதில்தான் தொடங்கினார்கள். இன்னொன்றும் முக்கியம். அவர்கள் மனதில் இருந்தது நோய்த்தடுப்பு. மக்கள் கேட்டதோ காய்ச்சலுக்கு மருந்து, பிரசவத்துக்கு மருத்துவர். 'முதலில் எங்கள் திட்டம், பிறகு உங்கள் தேவை' என்று அவர்கள் சொல்லவில்லை. மக்கள் கேட்டதைக் கொடுத்துக்கொண்டே தங்கள் திட்டத்துக்கு ஆள் சேர்த்தார்கள்.

கிராமங்களில் கூட்டம் போட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வசதியான நான்கு பேர் பேசுவார்கள். தலித் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் ஓரமாக நிற்பார்கள். பெண்கள் வரவே மாட்டார்கள். ஜாம்கேட் வட்டாரத்திலும் அதுதான் நிலை. ஆரோளே தம்பதியின் குழு என்ன செய்தது தெரியுமா? மாலையில் கைப்பந்து ஆடியது. கைப்பந்துக்கு ஒரு வலையும் ஒரு பந்தும் போதும். பல சாதி ஆண்கள் ஒரே அணியில் நின்று ஆட வேண்டும், ஒருவர் தட்டிய பந்தை இன்னொருவர் தொட்டாக வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து பேச்சு. இப்படிக் கூடியவர்களிடமிருந்துதான் விவசாயிகள் மன்றங்கள் உருவாயின. பேச்சு பெரும்பாலும் மருத்துவம் பற்றியதல்ல. தண்ணீரும் சோறும் பற்றியது. 1970களின் தொடக்கத்தில் மகாராஷ்டிராவைக் கடும் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லாத ஊரில் கை கழுவுங்கள் என்று பாடம் நடத்துவதில் பொருளில்லை என்பதை மருத்துவர்கள் உணர்ந்தார்கள்.

ஆழ்துளைக் கிணறுகள் போடும்போது அவற்றைத் தலித் குடியிருப்புப் பக்கமாக அமையச் செய்தார்கள். அதுவரை மற்றவர் கிணற்றருகே காத்து நின்று, யாராவது ஊற்றினால் மட்டுமே தண்ணீர் பெற்றவர்களின் வாசலுக்கு இப்போது எல்லோரும் குடத்தோடு வர வேண்டியதாயிற்று. தீண்டாமைக்கு எதிராக மேடை போட்டுப் பேசியிருந்தால் கைதட்டிவிட்டுக் கலைந்திருப்பார்கள். குழாய் எங்கே இருக்கிறது என்ற முடிவு தினமும் இரண்டு வேளை வேலை செய்தது. உங்கள் குழு எங்கே கூடுகிறது, எந்தப் பக்கத்து மதகை முதலில் சரி செய்கிறது, எந்தத் தெரு வழியாகப் பாதை போடுகிறது என்பதெல்லாம் இப்படிப்பட்ட முடிவுகள்தான். நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே ஊர் அவற்றைப் படித்துவிடும்.

இனி வருவதுதான் ஜாம்கேட்டின் உயிர்நாடி. முதலில் அவர்கள் பயிற்சி பெற்ற துணைச் செவிலியர்களைக் கிராமங்களில் தங்கவைத்துப் பார்த்தார்கள். சரிவரவில்லை. வெளியூர் இளம்பெண், தனியாக ஒரு கிராமத்தில் இரவு தங்குவதற்கு அஞ்சினார். அவர் படித்த பாடமும் ஊர்ப் பெண்கள் பேசும் பேச்சும் வேறு வேறாக இருந்தன. எங்கள் ஊர்ப் பெண்ணையே பழக்கினால் என்ன என்ற யோசனை கிராமத்திலிருந்தே வந்தது. அப்படித்தான் கிராம சுகாதாரப் பணியாளர்கள் வந்தார்கள். ஊர் தேர்ந்தெடுத்த பெண்கள். பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பலர் தலித்துகள். கணவனால் கைவிடப்பட்டவர்களும் விதவைகளும் அவர்களில் இருந்தார்கள். ஊரின் கண்ணில் கடைசியாகப் படுகிறவர்கள்.

வாரந்தோறும் இவர்கள் ஜாம்கேட்டுக்கு வந்தார்கள். ஒன்றாகச் சாப்பிட்டு, ஒரே கூடத்தில் படுத்து, இரவெல்லாம் பேசினார்கள். வேறு சாதிப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து உண்பது அவர்களில் பலருக்கு முதல் அனுபவம். வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை எந்த அளவில் தயாரிப்பது, கர்ப்பிணியை எப்படிக் கவனிப்பது, எந்தப் பிரசவம் வீட்டில் நடக்கலாம், எதை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், குழந்தையின் எடையை எப்படிப் பார்ப்பது, தொழுநோயின் ஆரம்பத் தேமலை எப்படி அடையாளம் காண்பது என்று கற்றார்கள். போன வாரம் ஊரில் என்ன நடந்தது, எது எடுபடவில்லை என்பதையும் ஒருவருக்கொருவர் சொன்னார்கள். மருத்துவர்கள் அதைக் கேட்டு அடுத்த பாடத்தை மாற்றினார்கள். கற்றதை அந்தப் பெண்கள் தங்களோடு வைத்துக்கொள்ளவில்லை. ஊர் மகளிர் மன்றத்தில் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு மருத்துவருக்கு இது எவ்வளவு கடினமான காரியம் என்று யோசித்துப் பாருங்கள். பல ஆண்டுகள் படித்துப் பெற்ற அறிவைக் கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பெண்ணிடம் கொடுத்து, 'உன் ஊருக்கு இனி நீதான் முதல் ஆள்' என்று சொல்ல வேண்டும். எனக்கு ஆரோளே தம்பதியிடம் உள்ள மதிப்பில் பெரும்பகுதி இதற்காகத்தான். மருத்துவமனை கட்டியவர்கள் பலர் உண்டு. தங்களைத் தேடி வர வேண்டிய அவசியத்தையே குறைத்துக்கொண்டவர்கள் மிகச் சிலர்.

பலன் என்ன? வேலை தொடங்கியபோது அந்தக் கிராமங்களில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 176 பேர் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தனர். 1990களில் அது 30க்கும் கீழே வந்தது. 1975இலேயே உலக சுகாதார நிறுவனம் தன் வெளியீடு ஒன்றில் இதை முன்மாதிரிகளில் ஒன்றாக எடுத்துக்காட்டியது. 1979இல் இருவருக்கும் மகசேசே விருது கிடைத்தது. மேபல் 1999இலும் ரஜனிகாந்த் 2011இலும் காலமானார்கள். ஜாம்கேட் திட்டம் அவர்களோடு முடிந்துவிடவில்லை.

அடுத்தது நம் மதுரைப் பக்கம். சின்னப்பிள்ளை அம்மாவை நீங்கள் அறிந்திருப்பீர்கள். டெல்லியில் விருது வழங்கும் மேடையில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கிய படம் நாடு முழுவதும் வந்தது. 2019இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பலர், அதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் பார்ப்பதில்லை.

அழகர்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவர் விவசாயக் கூலி. பள்ளிப் படிப்பு கிடையாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போகும் கூட்டத்துக்கு அவர்தான் முன்னால் நின்றார். நிலக்காரரிடம் கூலி பேசுவதும், அளந்து வாங்கிப் பிரித்துக்கொடுப்பதும் அவர் பொறுப்பு. இந்த வேலையை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், இதுவே ஒரு பெரிய பள்ளிக்கூடம். கூலி குறைவாகப் பேசினால் கூடவந்த பெண்கள் அன்று மாலையே கேட்பார்கள். அதிகம் கேட்டு நிலக்காரர் வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டால் எல்லோருக்கும் அன்றைய அடுப்பு எரியாது. யாரை வேகமாக நடுகிற ஓரத்தில் விடுவது, முடியாத கிழவியை எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொரு நாளும் முடிவெடுக்க வேண்டும். வலுவில்லாதவரைக் கழித்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் நாளைக்கு நமக்கும் வயதாகும் என்பது அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொருத்திக்கும் தெரியும். நிறுவனங்கள் இன்று பெரிய பெயர் வைத்துப் பேசும் பல திறமைகள் இந்த நடவு வரிசையில் பழகிப்போனவை.

1990 வாக்கில் களஞ்சியம் சேமிப்புக் குழுக்கள் அந்தப் பகுதிக்கு வந்தபோது, பெண்கள் வீட்டுக்கு வெளியே கூடுவதையே பலர் விரும்பவில்லை. வட்டிக்கு விடுகிறவர்களுக்குச் சேமிப்பு என்ற சொல்லே பிடிக்கவில்லை. சின்னப்பிள்ளை தன் ஊர்ப் பெண்களைச் சேர்த்தார், பிறகு பக்கத்து ஊர்களுக்கு நடந்தார். களஞ்சியத்தின் அமைப்பு முறை எனக்கு மிகவும் பிடிக்கும். சுமார் இருபது பேர் ஒரு குழு. பல குழுக்கள் சேர்ந்து வட்டாரக் களஞ்சியம். பணம் எல்லோர் கண்முன்னும் எண்ணப்படும். யார் எவ்வளவு கட்டினார், யார் கடன் வாங்கினார், யார் தவறினார் என்பது சத்தமாகப் படிக்கப்படும். எழுத்தறியாத தலைவிக்கும் எழுத்தறியாத உறுப்பினருக்கும் இடையில் நம்பிக்கை இப்படித்தான் வளர முடியும்: கேட்டும் பார்த்தும்.

மூன்றாவது, சென்னைக்கு அருகே திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள குத்தம்பாக்கம். அந்த ஊரில் தலித் குடும்பத்தில் பிறந்த இளங்கோ, வேதிப் பொறியியல் படித்து, நல்ல வேலையில் இருந்தவர். வேலையை விட்டு ஊர் திரும்பி, 1996 உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவரானார். கள்ளச்சாராயமும் சாதிச் சண்டையும் மலிந்திருந்த ஊர் அது.

அவர் கதையில் நான் அடிக்கடி சொல்வது கால்வாய்க் கதை. வடிகால் கட்ட வேண்டியிருந்தது. மதிப்பீட்டில் இருந்தபடி கட்டினால் செலவு அதிகம். பக்கத்துத் தொழிற்சாலைகளில் வீணாகக் கிடந்த கருங்கல் துண்டுகளைக் கொண்டுவந்து, ஊர் ஆட்களை வைத்தே கட்டினார். செலவு குறைந்தது, ஊராருக்குக் கூலியும் கிடைத்தது. ஆனால் மதிப்பீட்டை மீறியதாகச் சொல்லி அவரைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். அப்போது அவருக்குத் துணை நின்றது கிராம சபை. என்ன செலவானது, ஏன் அப்படிச் செய்தோம் என்று ஊருக்கு முன்பே தெரிந்திருந்ததால், ஊர் அவருக்காகப் பேச முடிந்தது. மீண்டும் பொறுப்புக்கு வந்தார். 2001இல் மறுபடி வென்றார்.

பல சாதியினரும் சேர்ந்து வாழ அரசு அமைக்கும் குடியிருப்பான சமத்துவபுரம் கட்டும் வாய்ப்பு வந்தபோது, ஒரே சுவரைப் பகிரும் 50 இரட்டை வீடுகள் கட்டப்பட்டன. ஒரு பாதியில் தலித் குடும்பம், மறுபாதியில் வேறு சாதிக் குடும்பம். நூறு குடும்பங்கள். ஜாம்கேட்டின் தண்ணீர்க் குழாயும் இந்தச் சுவரும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

இவ்வளவும் படித்துவிட்டு, நல்ல மனது இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் என்பது எல்லோரும் கைகோத்து நிற்கும் படம் கிடையாது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில், உடன் இருந்த ஐந்து பேரோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். இதேபோல் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் போன்ற ஊர்களில் பத்தாண்டுகள் தேர்தலே முறையாக நடக்கவிடவில்லை, 2006இல்தான் நடந்தது. உள்ளூர்த் தலைமையைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஏரியில் ஆக்கிரமிப்பு என்று நீங்கள் வாய் திறக்கும் நாளில் உங்களுக்கும் எதிரிகள் வருவார்கள். அன்று நீங்கள் தனி ஆளாக நிற்கக் கூடாது. மனுவில் உங்கள் ஒருவர் பெயர் மட்டும் இருக்கக் கூடாது. தாசில்தாரைப் பார்க்கப் போனால் ஐந்தாறு பேராக, வெவ்வேறு தெருக்காரர்களாகப் போங்கள். துணிச்சலைக் காட்டுவதற்காக ஒருவர் முன்னால் ஓடுவது குழுவுக்கும் நல்லதல்ல, அவர் வீட்டுக்கும் நல்லதல்ல.

இனி உங்கள் ஏரிக்கு வருகிறேன்.

முதலில் ஏரி யாருடையது என்று குழுவில் அனைவரும் தெரிந்துகொள்ளுங்கள். நம் மாநிலத்தில் பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (அதாவது பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருக்கும். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும். இது தெரியாமல் ஓர் அலுவலகத்துக்கு ஓராண்டு நடந்துவிட்டு, பிறகு வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்த குழுக்கள் உண்டு. நில அளவை வரைபடத்தையும், கிராமத்து நிலங்களின் விவரம் உள்ள 'அ' பதிவேட்டையும் நீங்கள் மட்டும் படித்துவிட்டு வந்து விளக்கம் சொல்ல வேண்டாம். படம் பார்த்து எல்லையைக் காட்டத் தெரிந்தவர்கள் குழுவில் குறைந்தது ஏழெட்டுப் பேர் இருக்கட்டும். அவர்களில் ஆடு மேய்க்கிறவரும் மீன் பிடிக்கிறவரும் இருப்பது நல்லது; ஏரிக்குள் தினமும் நடக்கிறவர்கள் அவர்கள்தாம். ஜாம்கேட்டில் மருத்துவர்கள் கொடுத்தது போல, உங்களுக்குத் தெரிந்ததை அவர்களிடம் கொடுங்கள். மடை எப்போது அடைத்தது, எந்த ஆண்டு எதுவரை தண்ணீர் நின்றது என்று அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டத்தை ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலோ எல்லோரும் உள்ளே வர முடியாத கோயில் மண்டபத்திலோ வைக்காதீர்கள். பள்ளி வளாகம், ஏரிக்கரை, நூலகம் என்று யாரும் யாரையும் அனுமதி கேட்காமல் வரக்கூடிய இடம் வேண்டும். காலை பத்து மணிக் கூட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் ஒருவரும் வர முடியாது. இரவு ஏழு மணிக்கு வைத்தால் சமையலில் இருக்கும் பெண்கள் வர மாட்டார்கள். எந்த நேரம் என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

வரவு செலவை மாதம் ஒருமுறை எழுதி ஒட்டுங்கள்; அதோடு கூட்டத்தில் சத்தமாகப் படியுங்கள். ஐம்பது ரூபாய் டீச் செலவாக இருந்தாலும் சரி. கேள்வி கேட்பவரை முறைக்காதீர்கள். கணக்கைப் பற்றிக் கேட்கிற ஆள் குழுவில் இருப்பது உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. குத்தம்பாக்கத்தில் ஊர் ஏன் பேச முன்வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பொருளாளர் பொறுப்பையும் கூட்டம் நடத்தும் பொறுப்பையும் மாற்றிக்கொண்டே இருங்கள். உங்கள் தலைவர் பதவிக்கும் இரண்டு ஆண்டு என்று இப்போதே தீர்மானம் போட்டுவிடுங்கள். ஊரில் செல்வாக்கு வந்தபிறகு இந்தத் தீர்மானத்தைப் போடுவது மிகவும் கடினம். அடுத்து வரக்கூடியவர் யார் என்று இப்போதே இரண்டு மூன்று பேரைப் பார்த்து வையுங்கள். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016இல் நம் மாநிலச் சட்டம் திருத்தப்பட்ட பிறகும், தலைவியின் நாற்காலியில் கணவர் உட்காரும் ஊர்களை இன்றும் பார்க்கிறோம். அதிகாரி முன் பேசி, கணக்குப் பார்த்து, திட்டு வாங்கிப் பழகிய பெண்ணின் நாற்காலியில் அவ்வளவு எளிதாக இன்னொருவர் உட்கார முடியாது. உங்கள் குழு அந்தப் பழக்கத்தைக் கொடுக்கும் இடமாக இருக்கலாம்.

கடைசியாக, கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் உங்கள் ஏரிக்கு அது பொருத்தமான நாள். ஊரின் மக்கள்தொகைக்கேற்பக் குறைந்தபட்ச வருகை வேண்டும்: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். அதனால் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தெருத் தெருவாகப் போய் ஆள் சேருங்கள். ஏரியின் எல்லையை அளந்து கல் நடக் கோரும் தீர்மானத்தை உங்கள் குழுவில் இதுவரை பேசாமல் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று அன்றைக்கே பார்த்து, நகல் கேட்டு மனுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.